மறதியையும் கொடுத்தவர்கள்

முதுமையைப் பற்றிய நீண்டகால மருத்துவ ஆய்வுகளில் சேரும் முதியவருக்கு அதனால் கிடைக்கும் நேரடிப் பயன் அநேகமாக ஒன்றுமில்லை. இருபது ஆண்டு கழித்துத் தெரியவரும் முடிவு, அப்போது முதுமை அடைகிறவருக்கே உதவும். அப்படியிருக்க, எண்பது வயதில் ஒருவர் தம் நேரத்தையும் உடலையும் இதற்குக் கொடுப்பது எந்த வகைச் செயல்? கடமையா, தானமா? அதை அவரிடம் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அவர் இறைநம்பிக்கை உள்ளவரானால், தமக்குச் சொந்தம் என்று கருதாத உடலை எப்படி எடுத்துக் கொடுப்பார்? இந்தக் கேள்விகள் எல்லாம் ஒன்றாக எழுந்த இடம், ‘கன்னியர் ஆய்வு’ என்று பெயர் பெற்ற அமெரிக்க ஆய்வு.

1986-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்னோடன் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளர், மான்கேட்டோ என்ற ஊரில் நோத்ர் டாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்தில் இதைச் சிறிய அளவில் தொடங்கினார். இச்சபை 1833-இல் பவேரியாவில் தோன்றி 1847-இல் அமெரிக்கா வந்தது. பள்ளிக்கூடம் நடத்துவதே அதன் பணி. 1990-இல் ஸ்னோடன் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ஆய்வும் அவரோடு போனது. 1991 முதல் 1993 வரை நாடு முழுவதிலும் இச்சபையின் 678 சகோதரிகள் ஆய்வில் சேர்ந்தனர். சேரும்போது மிக இளையவருக்கு வயது 75, மிக மூத்தவருக்கு 102.

அவர்களிடம் கேட்கப்பட்டவை மூன்று. மடத்தின் ஆவணக் காப்பகத்தில் அவரவரைப் பற்றி இருக்கும் தாள்களையும் மருத்துவக் குறிப்புகளையும் ஆய்வாளர் பார்க்கலாம் என்ற அனுமதி. ஆண்டுதோறும் உடலையும் நினைவாற்றலையும் சோதித்துப் பார்க்க இசைவு. இறந்த பிறகு மூளை.

ஆய்வாளருக்குக் கன்னியர் ஏன் வேண்டியிருந்தனர் என்பது எளிதில் விளங்கும். ஒரே உணவு, ஒரே வகை வீடு, ஒரே மருத்துவ வசதி. புகைபிடிப்பவர் இல்லை, பிள்ளை பெற்றவர் இல்லை, பணக்காரர் ஏழை என்ற வேறுபாடு இல்லை. வெளியுலகில் இரண்டு முதியவரை ஒப்பிட்டால் இந்தக் காரணங்களில் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மடத்தில் அவை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இறைவனுக்காக ஏற்ற ஒழுங்கான வாழ்வு, அவர்கள் எண்ணியே பாராத வகையில் அறிவியலுக்கு உகந்த வாழ்வாகவும் அமைந்துவிட்டது.

மூளையை எடுப்பது சமயத்துக்கு ஒவ்வாதோ என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் ஐயம். கத்தோலிக்க மரபுக்குள் இது பெரிய சிக்கல் இல்லை. உடல் உயிர்ப்பை நம்பும் திருச்சபை, உடல் சிதைவதைக் கண்டு அஞ்சியதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் புனித பவுல், புதைக்கப்படும் உடலுக்கும் உயிர்த்தெழும் உடலுக்கும் உள்ள உறவை விதையைக் காட்டி விளக்குகிறார். உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது புதைக்கப்படாமல் கிடந்த கிறிஸ்தவர்களை எண்ணிக் கலங்கியவர்களுக்கு, அடக்கச் சடங்கு இறந்தவருக்கு உதவுவதைவிட இருப்பவரின் ஆறுதலுக்கே என்று புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலில் பதில் சொன்னார். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் அறிவியல் ஆய்வுக்காகப் பிணக்கூறாய்வு செய்வதை அனுமதிக்கிறது. இறந்தபின் உறுப்புகளை மனமுவந்து தருவதைப் போற்றவும் செய்கிறது.

கடினமான கேள்வி வேறு. உடல் யாருடையது? தம் உயிர் மீது மனிதருக்கு முழு உரிமை இல்லை, அது கடவுள் தந்தது என்பது தாமஸ் அக்குவினாஸின் நிலைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் எடுத்த சகோதரிக்கோ வங்கிக் கணக்குகூடச் சொந்தமில்லை. சொத்து இல்லாதவர், உடலையும் தம் சொத்தாக எண்ணாதவர், எதை எடுத்துக் கொடுப்பது?

இதற்கு நெருங்கிய விடை, சொல்லப்போனால் மூளை ஆய்வாளர்களுக்கே ஒரு திருத்தந்தை தந்ததுதான். 1952 செப்டம்பரில் நரம்பு மண்டலத்தின் திசுநோயியல் பற்றிய முதல் பன்னாட்டு மாநாட்டினரிடம் பன்னிரண்டாம் பயஸ் பேசினார். மனிதர் தம் உடலுக்கு உரிமையாளர் அல்லர், அனுபவிக்கும் உரிமை மட்டுமே பெற்றவர் என்று அதில் கூறினார். அதோடு நிற்கவில்லை. கை உடலின் ஓர் உறுப்பு. உடல் முழுவதையும் காக்கக் கையை வெட்டலாம். ஆனால் மனிதர் சமூகத்துக்கு அப்படிப்பட்ட உறுப்பு அல்லர். சமூக நன்மையையும் அறிவியலையும் காரணம் காட்டி ஒருவரை அவரது ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. நாஜி முகாம்களில் நடந்த கொடுமைகளும் அவற்றை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பும் அப்போது பழைய செய்தி ஆகியிருக்கவில்லை.

இந்த உரையின் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். உடலின் உரிமையாளர் இல்லை என்பதால் ஒருவர் கொடுக்க முடியாதவர் ஆவதில்லை. அவரிடமிருந்து எடுக்க வேறு எவருக்கும் உரிமை இல்லை என்பதே அதன் பொருள். ஒப்படைக்கப்பட்ட ஒன்றை, ஒப்படைத்தவரின் நோக்கத்துக்கு இசைவாகச் செலவிடலாம். அந்த நோக்கம் அன்பு என்று நம்புகிறவருக்கு, பிறர் துயர் தணிக்க உடலைத் தருவது வார்த்தைப்பாட்டின் தொடர்ச்சியே.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் தாயை இழந்த யூதத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ், 1969-இல் எழுதிய கட்டுரையில் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார். மனிதரைக் கருவியாக்குவது அவரைப் பொருளாக்குவது. ஆய்வின் நோக்கத்தைத் தம் நோக்கமாகவே ஏற்றுக்கொண்டவர் மட்டுமே அந்த இழிவுக்குத் தப்புவார். எனவே முதலில் முன்வர வேண்டியவர்கள் ஆய்வாளர்களே. அடுத்து, விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள். ஏழை, அறியாதவர், அடைபட்டவர், நோயாளி ஆகியோர் கடைசியில்தான். வழக்கமாக நடப்பதோ நேர்மாறு: எளிதில் கிடைப்பவரே முதலில் அழைக்கப்படுகிறார்.

யோனாஸ் கற்பனையாக அஞ்சவில்லை. 1963-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், நாட்பட்ட நோயாளிகளுக்கான யூத மருத்துவமனையில் 22 பேருக்கு உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் ஊசி மூலம் செலுத்தப்பட்டன. நோயால் தளர்ந்தவர்கள், பலர் முதியவர்கள். அந்த ஊசியில் இருப்பது புற்றுநோய் அணு என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வீணாகப் பயப்படுவார்கள் என்பது மருத்துவர்கள் கூறிய காரணம். முதியவரைப் பயத்திலிருந்து காப்பது என்ற பெயரில் அவருடைய சம்மதத்தையே எடுத்துக்கொண்ட செயல் அது. இன்றும் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் வயதானவரிடம் கேளாமல் அவருக்காக முடிவெடுக்கும் பழக்கம் உண்டு. புரூக்ளினில் நடந்தது அதன் மிக மோசமான வடிவம்.

யோனாஸின் நிலைப்பாட்டுக்கு எதிர்வாதமும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த அறநெறியாளர் ஜான் ஹாரிஸ் 2005-இல், ஆய்வில் பங்கேற்பது ஒரு கடமை என்று வாதிட்டார். இன்று எண்பது வயதில் இருப்பவர் அம்மை, இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்துகளாலும் இரத்த அழுத்த மாத்திரைகளாலும் பயன் அடைந்தவர். அவற்றுக்காக முன்பு யாரோ தம் உடலைத் தந்தனர். பெற்றுக்கொண்டு தராமல் இருப்பது நியாயமா என்பது அவர் கேள்வி. வலுவான கேள்விதான். ஆனால் அந்தக் கடன் யாருக்குப் பட்ட கடன்? முன்பு கொடுத்தவர்கள் இறந்துவிட்டனர். அவர்களில் எவரும் ஆய்வகத்தைத் தம் வாரிசாக எழுதி வைக்கவில்லை. நன்றி உள்ளவர் தாமாகவே முன்வருவார். வசூலிக்கத் தொடங்கிய கணமே அது வரியாகிவிடும். இந்த விவாதத்தில் பன்னிரண்டாம் பயஸும் யோனாஸும் நிற்கும் பக்கமே உறுதியானது.

அப்படியானால் கன்னியரின் கொடை சுதந்திரமானதா? கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவர்களிடம், சபைத் தலைமையின் அனுமதியோடு வந்து ஒருவர் கேட்கிறார். மறுக்க முடியுமா? யோனாஸின் பட்டியலில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்: புரிந்துகொள்ளக் கூடியவர்கள் வரிசையிலா, அடைபட்டவர்கள் வரிசையிலா? பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள், வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற ஆசிரியைகள். ஆய்வின் நோக்கம் அவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அதைவிட உறுதியான சான்று ஒரு கணக்கில் இருக்கிறது. சேரத் தகுதி பெற்றிருந்த சகோதரிகள் 1,027 பேர். ஒப்புக்கொண்டவர்கள் 678 பேர். மூன்றில் ஒருவர் சேரவில்லை. ஒரே சபைக்குள், ஒரே தலைமையின் கீழ், 349 பேர் இந்த ஆய்வுக்குள் வரவில்லை. ஆய்வு நூல்களில் இந்த 349 பேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான். ஆனால் 678 பேரின் ‘சரி’ மெய்யான ‘சரி’ என்பதற்கு உத்தரவாதம் இவர்கள். எந்த முதியோர் இல்லத்திலும் எல்லாரும் ஒருமிக்கக் கையெழுத்திட்டிருந்தால், அந்தப் படிவங்களை நம்புவதற்குமுன் யோசிக்க வேண்டும்.

கன்னியர் ஆய்வைப் பற்றிப் பேசுவோர் மூளை தானத்தையே வியந்து பேசுகின்றனர். கொடுக்கப்பட்டவற்றில் அது பெரியது அல்ல. இறந்தவருக்கு மூளை தேவையில்லை. உடலின் மற்றதெல்லாம் அடக்கத்துக்கு மடத்திடமே திரும்பி வந்தது. உயிரோடு இருக்கையில், ஆண்டுதோறும் தந்ததுதான் கடினம்.

அந்தச் சோதனையில் ஒரு பகுதி இப்படி நடக்கும். சகோதரி மேசைக்கு ஒரு பக்கம், சோதிப்பவர் மறு பக்கம். பத்து அட்டைகள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். வெண்ணெய், கடிதம், புல் என்று சிறுகுழந்தைக்கும் தெரிந்த சொற்கள். ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அட்டைகள் முடிந்ததும் நினைவில் நிற்பவற்றைச் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றி இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு வேறு வேலை: ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும், காட்டும் படத்தில் இருக்கும் பொருள் என்ன, இந்த வடிவத்தைப் பார்த்து வரைக. சில நிமிடங்களுக்குப்பின், முன்னறிவிப்பு இல்லாமல், முதலில் பார்த்த பத்துச் சொற்கள் என்னென்ன என்ற கேள்வி வரும். சென்ற ஆண்டு ஏழு சொன்னவர் இந்த ஆண்டு மூன்று சொல்லலாம். அட்டைகளைப் பார்த்ததே நினைவில் இல்லாமலும் போகலாம்.

ஐம்பது ஆண்டு பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக் கொடுத்து, தேர்வு வைத்து, மதிப்பெண் போட்டவர்கள் இவர்கள். இப்போது பேத்தி வயதில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, விடை தெரியாமல் திணற ஒப்புக்கொண்டனர்; ஒரு முறை அல்ல, ஆண்டுதோறும், நிலை மேலும் இறங்கும் என்று தெரிந்தே. முதுமையில் மனிதர் எல்லாரும் மறைக்க முயல்வது இந்தச் சரிவைத்தான். பெயர் மறந்தால் சிரித்து மழுப்புவார்கள், காது கேளாவிட்டால் தலையாட்டி வைப்பார்கள். அதை மறைக்காமல், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுவது எளிதான அடக்கம் அல்ல. இயேசு சபைத் துறவியும் புதைபடிவ ஆய்வாளருமான தெய்யார் த ஷார்தென், ‘இறைச் சூழல்’ என்ற நூலில், மனிதர் செய்யும் செயல்கள் மட்டுமல்ல, அவருக்கு நேரும் தேய்வுகளும் இறைவனிடம் சேரும் வழி என்று எழுதினார். அந்தத் தேய்வைப் பொறுத்துக்கொள்வது ஒரு படி. இன்னொருவருக்குப் பயன்படும்படி அளக்க விடுவது அடுத்த படி. துறவற நூல்கள் முதல் படியைப் பற்றியே நிறையப் பேசியிருக்கின்றன. இரண்டாவதை இந்தச் சகோதரிகள் தம் வாழ்வில் செய்து காட்டினர்.

காப்பகத் தாள்களின் கதை இன்னும் நுட்பமானது. 1930 செப்டம்பரில் வட அமெரிக்கச் சகோதரிகளின் தலைவி, ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையை ஒரே தாளில், இருநூறு முந்நூறு சொற்களுக்குள் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். பிறப்பு, பெற்றோர், படித்த பள்ளி, மடத்துக்கு வரத் தூண்டியது எது என்பன போன்ற செய்திகள். சராசரியாக 22 வயதில் எழுதப்பட்ட அந்தத் தாள்கள் அறுபது ஆண்டு பெட்டியில் கிடந்தன. ஸ்னோடன் குழுவினர் அவற்றில் பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து இருக்கிறது என்று எண்ணினர். 1996-இல் வெளியான முடிவில், 93 பேரின் எழுத்து ஆராயப்பட்டிருந்தது. அதற்குள் இறந்து மூளை சோதிக்கப்பட்ட 14 பேரில், இளமையில் கருத்தடர்த்தி குறைவாக எழுதியவர் அனைவரின் மூளையிலும் ஆல்சைமர் நோய் இருந்தது. அடர்த்தியாக எழுதிய எவருக்கும் இல்லை. 2001-இல் 180 பேரின் தாள்களில் மகிழ்ச்சி, நன்றி போன்ற உணர்வுகளை எண்ணியபோது, அவை மிகக் குறைந்த கால்பகுதியினரின் இறப்பு அபாயம் மிக அதிகமான கால்பகுதியினருக்கு உரியதைப்போல 2.5 மடங்கு என்று தெரிந்தது.

தலைவிக்காக, கீழ்ப்படிந்து எழுதிய பெண்ணுக்கு, ஒரு நாள் தன் வாக்கியங்கள் நோயின் முன்னறிகுறியாக எண்ணப்படும் என்று தெரியாது. எண்பது வயதுக்காரி இருபது வயதுக்காரிக்காக ஒப்புதல் தரலாமா? இருவரும் ஒருவரே என்பதால் தரலாம் என்பது இயல்பான விடை. ஆனால் அதே விடையை எதிர்த்திசையில் நீட்டினால் சிக்கல் வருகிறது. நல்ல நினைவோடு கையெழுத்திட்ட சகோதரி, ஐந்து ஆண்டு கழித்து மறதி நோயில் மூழ்கி, சோதனைக்கு வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறார். எந்தச் சொல் செல்லும்? தெளிவோடு இருந்தபோது தம் வாழ்வுக்கு ஒருவர் கொடுத்த வடிவமே பின்னாளிலும் அவருக்காகப் பேச வேண்டும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் ரொனால்ட் டுவார்கின் 1993-இல் வாதிட்டார். இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் இன்பமும் துன்பமும் மெய்யானவை, பழைய கையெழுத்தால் அவற்றை மூடிவிட முடியாது என்று இன்னொரு சட்ட அறிஞரான ரெபெக்கா டிரெஸ்ஸர் மறுத்தார். மருத்துவ ஒப்புதலில் டுவார்கினுக்கு எடை அதிகம் இருக்கலாம். ஆய்வுக்கு டிரெஸ்ஸரின் பக்கமே சரி. ஆய்வு அவருக்குப் பயன் தருவதற்காக நடப்பதல்ல. முகம் திருப்பினால் அன்றைய சோதனையை நிறுத்திவிடுவதே முறை. ஒரு கொடை கொடுப்பவரைத் துன்புறுத்தத் தொடங்கினால், முன்பு அவரே சொன்னார் என்பது போதிய நியாயம் ஆகாது.

கொடுப்பவரைப் பற்றி இவ்வளவு சொன்னபின், பெறுபவரைப் பற்றியும் கேட்க வேண்டும். கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்று தரமாகப் பிரிக்கும்போது, திருப்பிச் செய்ய இயலாதவருக்குத் தருவது உயர்ந்தது என்கிறது. உடனே இடம், காலம், பெறுபவரின் தகுதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. வருங்கால நோயாளி எந்தக் கைம்மாறும் செய்ய முடியாதவர். முதல் அளவுகோல் நிறைவேறுகிறது. இரண்டாவது அளவுகோல் ஆய்வாளரைப் பார்த்து நிற்கிறது. வாங்கிய மூளையை வீணாக்காமல் படிப்பது, ஏமாற்றம் தரும் முடிவையும் வெளியிடுவது, சேர்ந்தவர்களுக்கு நேரில் வந்து கண்டதைச் சொல்வது எல்லாம் மரியாதைக்காகச் செய்பவை அல்ல. தகுதியுள்ளவராக இருப்பதற்கு அவர் தர வேண்டிய விலை.

கன்னியர் ஆய்வு அந்த விலையைப் பெரிதும் கொடுத்தது. ஸ்னோடன் ஆண்டுக்கணக்கில் மடங்களுக்குப் போய்வந்தார். இறுதிவரை சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்று 101 வயதில் இறந்த ஒரு சகோதரியின் மூளையில், ஆல்சைமர் நோய்க்கே உரிய புரதப் படிவுகளும் முடிச்சுகளும் நிறைந்திருந்தன. நோய் மூளையில் இருந்தும் வாழ்க்கையில் தெரியவில்லை. ஆன்மா மூளைக்கு அப்பாற்பட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட ஆசைப்படுவோர் உண்டு. இந்தத் தரவு அவ்வளவு தூரம் போகாது. 1997-இல் 102 சகோதரிகளின் மூளையை ஆராய்ந்தபோது, ஆல்சைமர் மாற்றங்களோடு ஆழ்பகுதியில் சிறிய பக்கவாதத் தழும்புகளும் இருந்தவர்களுக்கு மறதி நோய் வெளிப்படும் வாய்ப்பு, அத்தழும்புகள் இல்லாதவர்களைப்போல ஏறக்குறைய 20 மடங்கு என்று தெரிந்தது. மூளையின் இரத்தக் குழாய்களைக் காப்பதன் அவசியத்தை மருத்துவம் உணர்ந்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்கு உண்டு.

இவ்வளவும் துறவிகளுக்கே இயலும், குடும்பத்தோடு வாழ்பவர்களிடம் இதை எதிர்பார்க்கலாமா என்ற ஐயம் எழலாம். 1994-இல் சிகாகோவின் ரஷ் மருத்துவ மையம் தொடங்கிய துறவற சபைகள் ஆய்வில், சகோதரிகளோடு குருக்களும் துறவற சகோதரர்களும் ஆண்டுச் சோதனைக்கும் மூளை தானத்துக்கும் ஒப்பிச் சேர்ந்தனர். 1997-இல் அதே மையம் இன்னொரு ஆய்வைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் எந்த வார்த்தைப்பாடும் எடுக்காத சிகாகோ வட்டாரத்து முதியவர்கள். நிபந்தனைகள் அதேதான், ஆண்டுதோறும் சோதனை, இறந்தபின் மூளை.